சுமை ஏறிய பின் நகரும் ரோபோவின் எல்லைக்கோட்டை எப்படி அமைப்பது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது. 0.8 மீட்டர் நீளமும் 0.6 மீட்டர் அகலமும் கொண்ட, இரு பக்கச் சக்கரங்களின் வேக வேறுபாட்டால் திரும்பும் ரோபோ ஒன்று இதுவரை வெறும் உடலோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதன் மேல் ஒரு கன்வேயரைப் பொருத்தியிருக்கிறார்கள். அதில் ஏறும் பெட்டிகள் பின்பக்கம் 25 செ.மீ. வரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சில வேளைகளில் ஒரு டிராலியையும் இழுக்க வேண்டும். தடைகளில் மோதாமல் இருக்க மென்பொருளில் ரோபோவைச் சுற்றி வரையும் எல்லைக்கோட்டை எத்தனை சென்டிமீட்டர் பெரிதாக்குவது, எல்லாச் சமயத்துக்கும் மிகப் பெரிய அளவையே வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கிறார். கேள்வி ஒரு எண்ணைக் கேட்பதுபோல் இருந்தாலும், அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு இரண்டு: ரோபோவைச் சுற்றியுள்ள பல எல்லைகளில் எதைப் பெரிதாக்க வேண்டும், எந்த நேரத்தில் பெரிதாக்க வேண்டும். கிடங்குகளிலும் உற்பத்திக் கூடங்களிலும் இத்தகைய ரோபோக்களை ஓட வைக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இதில் வடிவியல் சார்ந்தவை ஐயத்துக்கு இடமில்லாதவை. எவ்வளவு கூடுதல் இடைவெளி விடுவது என்பது அளந்தும் அனுபவத்தாலும் முடிவு செய்ய வேண்டியது. இவை இரண்டையும் கலக்காமல் சொல்ல முயல்கிறேன்.

முதலில் மூன்று எல்லைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ரோபோவும் அதன் மேல் உள்ள பொருளும் தரையில் அடைத்துக்கொள்ளும் உண்மையான வடிவம். மென்பொருள் அமைப்புகளில் ஃபுட்பிரிண்ட் என்று குறிக்கப்படுவது இதுதான். இரண்டு, இடமறிதலிலும் ஓட்டத்திலும் நேரும் பிழைகளுக்காக அந்த வடிவத்துக்கு வெளியே விடும் கூடுதல் இடைவெளி. மூன்று, பாதுகாப்பு ஸ்கேனரில் வரையப்படும் காப்புப் புலம், அதாவது ஆள் நுழைந்தால் ரோபோ நிற்க வேண்டிய பகுதி. இது வேகத்தையும் பிரேக் தூரத்தையும் பொறுத்து நீளும், சுருங்கும். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒரே கோட்டுக்குள் அடக்க முயன்றதால் வந்தவை. நிற்கத் தேவையான தூரத்தையும் எல்லைக்கோட்டிலேயே சேர்த்துவிட்டால், ரோபோ நிற்கும்போதும் ஊர்ந்து செல்லும்போதும் இல்லாத உடம்பைச் சுமந்துகொண்டு, தாராளமாக நுழையக்கூடிய கதவின் முன்னால் வழியில்லை என்று நின்றுவிடும். பிறகு யாரோ ஒருவர் வேலை நடக்க வேண்டுமே என்று கோட்டைச் சுருக்குவார். அப்போது உண்மையான உடலுக்கே இடமில்லாமல் போகும்.

ஒரே எண் ஏன் போதாது என்பதை அவருடைய ரோபோவின் அளவுகளிலேயே காட்டலாம். சுழல் மையம் உடலின் நடுவில் இருப்பதாகக் கொள்வோம். வெறும் உடலில் மையத்திலிருந்து மூலைக்கு உள்ள தூரம் சரியாக 0.5 மீட்டர், எனவே நின்ற இடத்தில் திரும்ப அதற்கு 1 மீட்டர் விட்டமுள்ள வட்டம் போதும். பின்பக்கம் 25 செ.மீ. நீட்டியதும் பின்மூலை மையத்திலிருந்து 0.65 மீட்டர் பின்னாலும் 0.3 மீட்டர் பக்கவாட்டிலும் அமைகிறது. அதன் தூரம் ஏறத்தாழ 0.72 மீட்டர். திரும்பும் வட்டம் 1.43 மீட்டர் ஆகிவிட்டது. ஆனால் அதே சுமையோடு நேராகச் செல்லும்போது தேவைப்படும் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. 1 மீட்டர் ஆரத்தில் வளைந்து செல்லும்போதோ, வெளிப்பக்கப் பின்மூலை வளைவின் மையத்திலிருந்து 1.36 மீட்டரில் போய்க்கொண்டிருந்தது இப்போது 1.45 மீட்டரில் போகும், 9 செ.மீ. கூடுதல். ஆக, ஒரே நீட்சிக்கு நேர் ஓட்டத்தில் சுழியம், வளைவில் 9 செ.மீ., நின்று சுழலும்போது 22 செ.மீ. இதில் எந்த எண்ணை எடுத்து நான்கு பக்கமும் சமமாகக் கூட்டினாலும் அது ஓரிடத்தில் தவறாகத்தான் இருக்கும். சரியான வடிவத்தை வரைந்து கொடுத்து, வளைவுகளின் கணக்கை நிரலிடம் விட்டுவிடுவதே முறை.

இதில் கவனிக்க வேண்டியது, கோட்டின் மூலைகள் எந்தப் புள்ளியிலிருந்து அளக்கப்படுகின்றன என்பது. அது உடலின் வடிவ மையம் அல்ல. இயக்கு சக்கரங்களின் அச்சு நடுப்புள்ளி. இயக்கு சக்கரங்கள் ஒரு முனையில் உள்ள வண்டிகளிலும், சுமையைத் தூக்கும் நீண்ட கைகளான ஃபோர்க் உள்ள வண்டிகளிலும் இந்த இரண்டும் வெகுவாக விலகியிருக்கும். அங்கே சென்டிமீட்டர் கணக்கில் கோட்டைத் திருத்துவதற்கு முன், மையத்தைச் சரியாகக் குறித்திருக்கிறோமா என்று பார்ப்பதே அதிகப் பயன் தரும்.

அடுத்து, அவர் பயன்படுத்தும் திட்டமிடும் நிரல் அந்த வடிவத்தை உண்மையிலேயே பார்க்கிறதா என்பது. ரோபோக்களுக்குப் பரவலாகப் பயன்படும் திறந்த மூல மென்பொருளான ஆர்.ஓ.எஸ். குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். கருத்து மற்றவற்றுக்கும் பொருந்தும். அங்கே எல்லைக்கோட்டிலிருந்து இரண்டு ஆரங்கள் கணக்கிடப்படுகின்றன. மையத்திலிருந்து மிக அருகிலுள்ள விளிம்புக்கான தூரம் உள் ஆரம். மிகத் தொலைவிலுள்ள மூலைக்கான தூரம் வெளி ஆரம். தரையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மோதும் ஆபத்தை எண்ணால் குறிக்கும் வரைபடமான காஸ்ட்மேப்பில் தடை இருக்கும் கட்டத்துக்கு 254, தடையிலிருந்து உள் ஆரத்துக்குள் வரும் கட்டங்களுக்கு 253, அதற்கு அப்பால் தொலைவு கூடக்கூடப் படிப்படியாகக் குறையும் மதிப்புகள். நம் ரோபோவில் உள் ஆரம் சுமைக்கு முன்பும் பின்பும் 0.3 மீட்டர்தான், ஏனெனில் பக்கவாட்டு விளிம்பு மாறவில்லை. வெளி ஆரம் மட்டும் 0.5 இலிருந்து 0.72 ஆகியிருக்கிறது. ரோபோவை வட்டமாகவே பாவிக்கும் எளிய திட்டமிடும் நிரல்களுக்கு இந்த மாற்றம் கண்ணில் படாது. அவை உடல் நுழையாத மூலை வழியாகப் பாதை போட்டுக் கொடுக்கும். ஓட்டுவிக்கும் நிரல் அங்கே போய்த் திரும்ப முடியாமல் திணறும். ஆர்.ஓ.எஸ். குடும்பத்தின் வழிநடத்தும் தொகுப்பான நேவ் 2 இல் உள்ள ஸ்மாக் ஹைப்ரிட் ஏ-ஸ்டார், ஸ்டேட் லாட்டிஸ் போன்ற திட்டமிடும் நிரல்கள் திசையையும் சேர்த்து முழு வடிவத்தையும் சோதிப்பவை. நீண்ட சுமை உள்ள ரோபோவுக்கு அவற்றையே பரிந்துரைப்பேன். தடையைச் சுற்றி மதிப்புகள் பரவும் தூரமான இன்ஃப்ளேஷன் ஆரத்தின் இயல்பான அளவு 0.55 மீட்டர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அது வெறும் உடலின் 0.5 மீட்டர் வெளி ஆரத்தைத் தாண்டுகிறது. சுமை ஏறியதும் 0.72 ஐத் தாண்டவில்லை. எல்லைக்கோட்டை மாற்றிவிட்டு இதை மாற்றாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. வெளி ஆரத்தைவிடச் சற்று அதிகமாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவத்தை அளப்பதற்கு ரோபோவின் வடிவமைப்பு வரைபடக் கோப்பை மட்டும் நம்ப வேண்டாம். அதில் கேபிள் வளைவுகளும், அவசர நிறுத்தப் பொத்தானின் முனையும், சுமையைக் கட்டும் பட்டையின் தொங்கலும் இருக்காது. தன்னிச்சையாகத் திரும்பும் காஸ்டர் சக்கரங்கள் இருந்தால், பின்னோக்கிச் செல்லும்போது அவை திரும்பி உடலுக்கு வெளியே வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட மிகப் பெரிய பெட்டியை, அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மிக மோசமாகக் கோணி வைத்து, எல்லா விளிம்புகளிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளிகளை இணைப்பதே உண்மை வடிவம். உட்குழிவான வடிவம் வந்தால், ஃபோர்க்கின் இரு கைகளுக்கு இடையில் உள்ள வெற்றிடம் போல, அதை நிரப்பி வெளிக்கோட்டை மட்டும் வைத்துக்கொள்வது பெரும்பாலும் நல்லது. அந்தக் குழிவுக்குள் வேண்டுமென்றே ஏதாவது நுழைய வேண்டிய வேலை இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

இனி, கூடுதல் இடைவெளி. இங்கே உறுதியான சூத்திரம் ஒன்றை யாராவது கொடுத்தால் எச்சரிக்கையாக இருங்கள். அதில் சேரும் கூறுகள் எவை என்பது தெளிவு: இடமறிதலின் பிழை, திசையின் பிழை, பாதையிலிருந்து விலகும் அளவு, வரைபடக் கட்டத்தின் அளவு, சுமை ஆடும் அளவு. அவற்றின் மதிப்புகள் உங்கள் தரை, உங்கள் சென்சார், உங்கள் வேகத்தைப் பொறுத்தவை. தொலைவிலிருந்து நான் சொல்ல முடியாது, நீங்கள்தான் அளக்க வேண்டும். ஆனால் திசைப் பிழை மட்டும் மற்றவற்றைப் போல எல்லாப் பக்கமும் சமமாக விழாது. 1 பாகை திசைப் பிழை, மையத்திலிருந்து 0.65 மீட்டரில் உள்ள முனையை 11 மி.மீ. நகர்த்தும், 1.5 மீட்டர் நீண்ட சுமையின் முனையில் 2 பாகைப் பிழை 52 மி.மீ. ஆகிவிடும். எனவே நீண்ட சுமையின் நுனியில் அதிக இடைவெளியும் உடலின் நடுவில் குறைந்த இடைவெளியும் தேவை. மென்பொருளில் உள்ள பேடிங் அமைப்போ, எல்லா மூலைகளையும் ஒரே அளவில் வெளியே தள்ளுவது. அதன் இயல்பான மதிப்பு 0.01 மீட்டர்தான். அதைக் கட்டத்தின் பிழையை ஈடுகட்ட மட்டும் பயன்படுத்திவிட்டு, நுனியின் கூடுதல் இடைவெளியை மூலைப்புள்ளிகளைக் கையால் வரையும்போதே சேர்த்துவிடுவது என் வழக்கம். கட்டம் 5 செ.மீ. அளவுள்ளதாக இருந்தால், தடையின் விளிம்பு எங்கே என்பதிலேயே அந்த அளவு ஐயம் இருக்கிறது. கோட்டை மில்லிமீட்டர் துல்லியத்தில் செதுக்குவதால் பயனில்லை.

மிகப் பெரிய அளவையே நிரந்தரமாக வைத்துவிடலாமா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். இடம் தாராளமாக இருந்து, சுமைகளின் வேறுபாடு சிறிதாக இருந்தால் வைத்துவிடலாம். மாறாத அமைப்பைவிட நம்பகமானது எதுவும் இல்லை. அவருடைய ரோபோவுக்குக் கன்வேயரும் பெட்டியும் சேர்ந்த வடிவத்தை நிரந்தரமாக்குவது பெரும்பாலும் சரியாக வரும் என்றே நினைக்கிறேன். வெறும் ரோபோ குறுகிய இடங்களில் நுழைய வேண்டியிருந்தால் மட்டுமே நிலைக்கேற்ப மாற்றும் வழிக்குப் போக வேண்டும். நேவ் 2 இல் ஓடும்போதே புதிய வடிவத்தை அனுப்பி மாற்ற முடியும். ஆனால் மாற்றும் தருணத்தில்தான் பல சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல் சிக்கல், சோதனை எப்படி நடக்கிறது என்பது. இந்த மென்பொருளில் மோதல் சோதனை, எல்லைக்கோட்டின் விளிம்புகள் செல்லும் கட்டங்களை மட்டுமே பார்க்கிறது. உள்ளே இருக்கும் கட்டங்களைப் பார்ப்பதில்லை. தடை வெளியிலிருந்து உள்ளே வரவேண்டுமானால் விளிம்பைக் கடந்துதானே வரவேண்டும் என்பது அதன் அடிப்படை. வடிவம் திடீரென்று பெரிதாகும்போது அந்த அடிப்படை உடைகிறது: ஒரு தூணோ மேசைக்காலோ விளிம்பைக் கடக்காமலேயே கோட்டுக்குள் வந்துவிடும். இரண்டாவது சிக்கல் இதைவிடக் கெட்டது. ரோபோ நிற்கும் இடத்தில் தடை இருக்க முடியாது என்ற நியாயத்தில், எல்லைக்கோட்டுக்குள் இருக்கும் கட்டங்களைத் தடையற்றவை என்று அழித்துவிடும் அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். வெறும் உடலுக்கு அது நியாயமே. பெட்டி ஏறியதும் கோட்டைப் பெரிதாக்கினால், பெட்டிக்கு அருகில் இருந்த உண்மையான தடையும் அந்தக் கணத்திலேயே வரைபடத்திலிருந்து அழிந்துவிடலாம். ஆகவே சுமை ஏற்றும் நிலையங்களில் பெரிய வடிவத்துக்கான இடம் காலியாக இருக்கிறதா என்பதை, வடிவத்தை மாற்றுவதற்கு முன்பே தனியாகச் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, சுமை ஏற்றும் நிலையமே பெரிய கோட்டுக்குள் விழுவது. பெட்டி இன்னும் நிலையத்தின் கன்வேயருக்கு ஒட்டியே இருக்கும். கோடு பெரிதானதும் ரோபோ தான் ஏற்கெனவே மோதிவிட்டதாகக் கருதி அசைய மறுக்கும். இதற்காகக் கோட்டைச் சுருக்கி வைத்துவிட்டு, வெளியே வந்தபின் மீட்காமல் விடுவது பெரிய ஆபத்து. நிலையத்திலிருந்து நேர்கோட்டில், மெதுவாக, சுழலாமல் ஒரு குறிப்பிட்ட தூரம் விலகுவதை ஒரு தனிச் செயலாக வைத்து, அந்தச் செயல் முடிந்தாலும் தோற்றாலும் பெரிய வடிவமே திரும்ப வரும்படி எழுதுங்கள். பொது விதி எளியது: பெரிதாக்குவது சுமை ஏறுவதற்கு முன், சுருக்குவது சுமை இறங்கியது உறுதியான பின். அந்த உறுதியைப் பணி அட்டவணை தரக்கூடாது. பெட்டியை நேரடியாக உணரும் சென்சார் தர வேண்டும். சென்சார்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டாலோ, கணினி மறுபடி தொடங்கினாலோ, இயல்பு நிலை மிகப் பெரிய வடிவம்தான்.

டிராலி இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது, ஏனெனில் அது விறைப்பான உடல் அல்ல. இணைப்புக் கோணம் மாற மாற வடிவமும் மாறுகிறது. ரோபோவுக்குப் பின்னால் ஒரு நீண்ட செவ்வகத்தை வரைந்துவிட்டால் நேர் ஓட்டத்துக்கு மட்டுமே சரியாக இருக்கும். வளைவில் டிராலி உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். ரோபோ மாறாத ஆரத்தில் தொடர்ந்து வளைந்தால், டிராலி அச்சின் ஆரத்தை இப்படிக் கணக்கிடலாம்: ரோபோ ஆரத்தின் வர்க்கத்தோடு, ரோபோ அச்சிலிருந்து இணைப்பு முனைக்கு உள்ள தூரத்தின் வர்க்கத்தைக் கூட்டி, இணைப்பு முனையிலிருந்து டிராலி அச்சுக்கு உள்ள தூரத்தின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ரோபோ 2 மீட்டர் ஆரத்தில் போகிறது, இணைப்பு அதன் அச்சிலேயே இருக்கிறது, டிராலியின் நீளம் 1.5 மீட்டர் என்றால், டிராலி அச்சு 1.32 மீட்டர் ஆரத்தில் போகும்; 68 செ.மீ. உள்ளே. 90 பாகை மட்டும் திரும்பும் வளைவில் இந்த முழு அளவை எட்டுவதற்குள் வளைவு முடிந்துவிடும் என்பதால், இதை மேல் வரம்பாக எடுத்துக்கொள்ளலாம். இணைப்பு முனை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் அமைந்தால் டிராலி ரோபோவின் வட்டத்திலேயே வரும். ஆனால் வளைவில் நுழையும்போது சற்று வெளிப்பக்கம் விலகும். இணைப்பில் கோண சென்சார் இல்லாத நிலையில், டிராலியோடு போகும் பயணங்களுக்கு முன்கூட்டியே வரைந்த வழித்தடங்களை மட்டும் அனுமதித்து, நின்று சுழல்வதையும் பின்னோக்கிச் செல்வதையும் முற்றாகத் தடுத்துவிடுவது நல்லது. அது கட்டுப்பாடாகத் தோன்றும். ஆனால் டிராலி மடங்கி ரோபோவின் மேலேயே இடிப்பதைத் தடுக்க அதைவிட எளிய வழி இல்லை.

உயரத்தையும் மறக்கக்கூடாது. தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் ஒரே தளத்தில் பார்க்கும் லேசர் ஸ்கேனருக்கு மேசையின் கால் தெரியும், மேசைப் பலகை தெரியாது. கன்வேயர் மேல் நீட்டும் பெட்டி மோதப்போவதோ அந்தப் பலகையில். எல்லைக்கோடு எவ்வளவு சரியாக இருந்தாலும், தடை வரைபடத்தில் இல்லையென்றால் சோதிக்க ஒன்றுமில்லை. சுமையின் உயரம் வரை பார்க்கும் ஆழக் கேமரா வேண்டும். தடைகளாகக் கருதப்படும் அதிகபட்ச உயரத்தின் அமைப்பு, ஏறிய பெட்டியின் உச்சியைவிட அதிகமாக இருக்க வேண்டும். நீட்டிய பெட்டியே ஸ்கேனரின் பார்வையில் விழுந்தால் அந்தக் கோணங்களை மறைத்துவிடுவார்கள். மறைத்த பகுதி அந்த சென்சாருக்குக் குருட்டுப் பகுதி என்பதை எழுதி வைத்து, அந்தப் பக்கம் நகர்வதைக் கட்டுப்படுத்துங்கள்.

இதுவரை சொன்னது எதுவும் மனிதப் பாதுகாப்புக்கான ஏற்பாடு அல்ல. பாதை திட்டமிடும் மென்பொருளின் எல்லைக்கோடு ரோபோ ஒழுங்காக ஓட உதவுவது. ஆளைக் கண்டு நிற்க வேண்டிய பொறுப்பு, சான்று பெற்ற பாதுகாப்பு ஸ்கேனருக்கும் பிரேக்குக்கும் உரியது. ஓட்டுநரில்லாத தொழிற்கூட வண்டிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 3691-4 தரநிலை 2020 இல் வெளிவந்து 2023 இல் திருத்தப்பட்டது. ஆளைக் கண்டறியும் சோதனைக்கு அது 200 மி.மீ. விட்டமும் 600 மி.மீ. நீளமும் கொண்ட படுத்த உருளையையும், 70 மி.மீ. விட்டமும் 400 மி.மீ. உயரமும் கொண்ட நின்ற உருளையையும் பயன்படுத்துகிறது. வண்டியின் இரு பக்கமும், 2.1 மீட்டர் உயரம் வரை, நிலையான பொருள்களிலிருந்து 0.5 மீட்டர் இடைவெளியை அது அடிப்படையாகக் கொள்கிறது. அந்த இடைவெளி சுமையின் விளிம்பிலிருந்து எண்ணப்பட வேண்டியது, வெறும் உடலின் விளிம்பிலிருந்து அல்ல. பெட்டி நீட்டிக்கொண்டிருந்தால் காப்புப் புலத்தின் அகலமும் பின்பக்க நீளமும் அதற்கேற்ப மாற வேண்டும். அந்த மாற்றத்துக்கான சமிக்ஞை பாதுகாப்புத் தரமுள்ள உள்ளீட்டிலிருந்து வர வேண்டும்; சாதாரணக் கணினி அனுப்பும் செய்தி போதாது.

சுமை வடிவத்தை மட்டுமல்ல, நிற்கும் தூரத்தையும் மாற்றுகிறது. விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில், கண்டறிந்து பிரேக் பிடிக்க 0.3 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் ரோபோ விநாடிக்கு விநாடி 1 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் 1.58 மீட்டரில் நிற்கும். சுமையோடு அந்த வீதம் 0.7 ஆகக் குறைந்தால் 2.06 மீட்டர் வேண்டும். வேகத்தை 0.5 மீட்டராகக் குறைத்தால் அதே சுமையோடு 33 செ.மீ. போதும். இவை விளக்கத்துக்கான எண்கள். உங்கள் ரோபோவின் உண்மை மதிப்பை முழுச் சுமையோடு, உங்கள் தரையில், தேய்ந்த சக்கரத்தோடும் அளந்துதான் பெற வேண்டும். குறுகிய கதவுக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. கதவில் மட்டும் வேகத்தைக் குறைத்தால் காப்புப் புலம் சுருங்கும்; பாதை விலகலும் குறைவதால் கூடுதல் இடைவெளியையும் அந்த இடத்தில் மட்டும் சற்றுக் குறைக்கலாம். உண்மை வடிவத்தை மட்டும் எந்த இடத்திலும் தொடக்கூடாது.

அவர் முதலில் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். தரையில் ஒரு புள்ளியைக் குறித்து, சுழல் மையம் அதன் மேல் வரும்படி ரோபோவை நிறுத்தி, மிகப் பெரிய பெட்டியை ஏற்றி, 0.72 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டத்தை நாடாவால் ஒட்டி, மிக மெதுவாக ஒரு முழுச் சுற்று சுழலச் செய்யுங்கள். பின்மூலைக்குக் கீழே தூக்குக்குண்டு தொங்கட்டும். அது வட்டத்திலிருந்து விலகினால், மையம் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறது அல்லது சக்கரம் வழுக்குகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொண்டு அதைத் திருத்துங்கள். அதற்குப் பிறகு நுரைப் பலகைகளைச் சுவர்களாக நிறுத்தி, உங்கள் மிகக் குறுகிய கதவின் அளவில் ஒரு வழியை அமைத்து, சுமையோடும் சுமையின்றியும் பலமுறை ஓட்டிப் பாருங்கள். பலகையை ஒருபோதும் தொடாமலும், போக முடியும் இடத்தில் நின்றுவிடாமலும் அது கடந்த பிறகே காப்புப் புலத்தின் அளவுகளில் கை வையுங்கள்.